போதும் என்று சொன்ன கண்



இந்த வாரம் நாம் தியானிக்க எடுத்துக்கொள்ளும் பகுதி அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். வேதப்புத்தகத்தைத் திறந்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குள் நுழையுமுன், கேமராவின் தலைமேல் பொருத்துகிற ஃபிளாஷ் ஒன்றைப் பற்றி உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஆட்டோ நிலையில் வைத்தால் சில வேளை ஒளி தருகிறது, சில வேளை தருவதில்லை என்று குறைகூறப்பட்ட ஃபிளாஷ் அது. இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் மூன்று ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிப்பட்ட கருவிகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. புகைப்படத்தில் ஆர்வமில்லாதவர்களும் பொறுமையாய் வாசியுங்கள். கருவியின் கோளாறு எங்கே இருந்தது என்பதை அறியாமல் அந்த ஏழு வசனங்களுக்குள் நான் உங்களை அழைத்துச் செல்ல இயலாது.

கடந்த மாதம் நம் ஆலயத்தில் மாலை ஆராதனையில் நடந்த ஞானஸ்நானத்தை நீங்கள் அறிவீர்கள். கால்வாய்க்கு அப்பாலுள்ள குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தமது 73ஆம் வயதில் கல்தொட்டியின் அருகே நின்று ஆண்டவரை அறிக்கையிட்டார். நம் சபையின் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் கைம்மாறு கருதாமல் படமெடுத்துத் தருகிற தம்பி அன்றும் வந்திருந்தார். அவர் எடுத்தவை 11 படங்கள். ஆராதனைக்கு முன் வாசலில் எடுத்த 4 படங்கள் தெளிவாக இருந்தன. தொட்டியருகே எடுத்த 7 படங்களிலும் இருட்டு. பெரியவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாய் ஒரு நிழல் மாத்திரமே தெரிந்தது. அந்தப் பெரியவருக்கு இதுவரை உள்ள ஒரே புகைப்படம் வாக்காளர் அடையாள அட்டையில் இருப்பது. அதிலும் கண்கள் பாதி மூடியிருக்கும். "தம்பி, பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க, செவுத்துல மாட்டணும்" என்று அவர் ஆராதனை முடிந்ததும் கேட்டதை அருகில் நின்ற பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை மாலை தம்பி வெஸ்ட்ரிக்கு வந்து கேமராப் பையை மேசைமேல் வைத்தார். "ஐயா, இனிமே வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. சமயத்துல இந்த மிஷின் கைவிட்டுடுது. அந்தத் தாத்தா முகத்த நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்குக் கவலை தந்தது. கோபித்துக்கொண்டு விலகுகிறவர்கள் திரும்பி வருவதுண்டு. தாம் பயனற்றவர் என்று முடிவுகட்டி அமைதியாய் விலகுகிறவர்கள் அவ்வளவு எளிதாகத் திரும்புவதில்லை என்பதை ஊழியத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே அவருடைய முடிவைப் பற்றி ஒன்றும் பேசாமல், பையைத் திறந்து ஃபிளாஷை வெளியே எடுக்கச் சொன்னேன்.

மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊரில் குருடன் ஒருவன் பார்வையடைந்த சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டவர் அவனைத் தொட்டபின், ஏதாகிலும் தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரங்களைப் போலத் தோன்றுகிறார்கள் என்று அவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான். அவர் மறுபடியும் தொடுகிறார். சர்வ வல்லமையுள்ளவர் ஒரு குருடனிடம் நின்று கேட்டு, அவன் சொன்ன பதிலைக் கவனித்து, மீண்டும் கைவைத்தார் என்பது எனக்கு எப்பொழுதும் வியப்பளிக்கும் காரியம். "கைவிட்டுவிட்டது" என்பது ஒரு தீர்ப்பு. என்ன தெரிகிறது, எப்பொழுது தெரியவில்லை என்பதே கேள்வி.

முதலில் எளியவற்றைப் பார்த்தோம். ஃபிளாஷில் 4 பேட்டரிகள். அவற்றில் இரண்டு புதியவை, இரண்டு பழையவை. பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமானது மற்றவற்றையும் கீழே இழுக்கும். நான்கையும் மாற்றினோம். ஷட்டர் வேகம் கேமராவின் சிங்க் வேகத்துக்குள் இருந்தது. அதை மீறினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும், இங்கே அப்படி இல்லை. ஓசையின்றிப் படமெடுக்கும் நிலையில் பல கேமராக்கள் ஃபிளாஷை எரியவே விடுவதில்லை. ஆராதனை நேரத்தில் பிறருக்கு இடையூறு கூடாதென்று அந்த நிலையில் வைத்திருந்தாரோ என்று கேட்டேன். இல்லை என்றார். (உங்களில் யாரேனும் வீட்டில் பழைய ஃபிளாஷ் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை: அவற்றில் சில 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைப் பொருத்துமிடத்தின் வழியாகக் கேமராவுக்குள் செலுத்தக்கூடியவை. மீட்டரால் அளந்து பார்க்காமல் இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். கோளாறு என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். பேட்டரியை எடுத்த பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும்.)

அடுத்து, ஃபிளாஷின் முதுகிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினோம். 20 முறையும் தவறாமல் எரிந்தது. விளக்குக்குழாய், மின்தேக்கி இரண்டும் நலமாக இருக்கின்றன என்பது அதனால் விளங்கியது. பிறகு கேமராவில் பொருத்தி, வெறும் சுவரை நோக்கி 20 படங்கள் எடுத்தோம். இரண்டு முறை எரியவில்லை. தனியே இருக்கும்போது தவறாத கருவி, இணைக்கப்பட்டபின் தவறுகிறதென்றால் குறை இணைப்பில் இருக்கிறது. ஃபிளாஷைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பார்த்தோம். நடுவிலுள்ள உலோக முனை கறுத்திருந்தது. நம் ஊரின் ஈரக்காற்றும் விரல் வியர்வையும் செய்கிற வேலை அது. பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, கடைசிவரை தள்ளிப் பொருத்தி, திருகுவளையத்தை இறுக்கினோம். அதன்பின் 40 படங்களில் ஒன்றிலும் தவறவில்லை. தம்பியின் முகம் சற்றுத் தெளிந்தது.

ஆனாலும் கணக்கு சரிப்படவில்லை. சுவரின்முன் 20க்கு 2 தவறுகிற கருவி தொட்டியருகே 7க்கு 7 தவறுமா? அந்நேரம் ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சகோதரி வெஸ்ட்ரி வாசலில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தாத்தாவ எடுக்கையில லைட்டு வரலைன்னா சொல்றீங்க? நான் மூணாவது பெஞ்சுலதான் இருந்தேன். ஒண்ணு ரெண்டு தவிர மத்ததெல்லாம் அடிச்சுது. கண்ணு கூசுச்சே" என்றார்.

தம்பி நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் உண்டு. அவருடைய கேமராவில் படமெடுக்கும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்து பார்வையை மறைத்துவிடும். ஒளி பாய்கிற அந்த ஒரு கணத்தில் எடுக்கிறவர் மாத்திரம் ஒன்றையும் பார்ப்பதில்லை; எதிரில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆகவே அந்தச் சகோதரியின் சாட்சியே உறுதியான சாட்சி. விளக்கு எரிந்திருக்கிறது, ஆனால் பெரியவரின் முகத்தை எட்டவில்லை.

இங்கே அந்தக் கருவி ஆட்டோ நிலையில் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் அறியவேண்டும். அதன் முன்பக்கத்தில் மிளகளவில் ஒரு கண் இருக்கிறது. ஃபிளாஷ் எரிந்தவுடன், எதிரேயுள்ள பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தக் கண் அளக்கிறது. 5 மீட்டர் தொலைவிலுள்ள ஒருவரிடம் ஒளி சென்று திரும்ப ஒரு விநாடியில் 3 கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஆதலால் ஒளி இன்னும் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அளந்து முடிக்க அதற்குக் காலமிருக்கிறது. போதுமான ஒளி திரும்பி வந்துவிட்டது என்று கண்டதும் கண் 'போதும்' என்கிறது. ஃபிளாஷ் உடனே அணைந்துவிடுகிறது. முழுவதும் எரிந்தால் விநாடியில் ஏறக்குறைய 1000இல் ஒரு பங்கு நீடிக்கும் ஒளி, பொருள் மிக அருகில் இருக்கும்போது சில கருவிகளில் 30,000இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது அருமையான ஏற்பாடு. தொலைவை மதிப்பிட்டு, கணக்குப்போட்டு அப்பர்ச்சரைத் திருப்பிக்கொண்டிருந்த காலத்தில், கல்யாண வீட்டில் ஓடியோடிப் படமெடுத்தவர்களுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு குறைவு உண்டு. தன்னிடம் திரும்பிவரும் ஒளி யாரிடமிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு வருகிறது என்பது மாத்திரமே தெரியும்.

அன்று தம்பி நின்ற இடத்தை அவரையே நின்று காட்டச் சொன்னேன். பீடத்தின் கம்பியருகே, தொட்டிக்கு இடப்புறமாக நின்றிருக்கிறார். பெரியவரின் முகம் நன்றாக விழவேண்டுமென்று லென்சை முன்னே இழுத்து அவரை மாத்திரம் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். கேமராவின் சட்டம் குறுகிவிட்டது. ஃபிளாஷின் கண்ணோ குறுகவில்லை, அது தன் வழக்கமான அகலத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வார்ப்பதற்காக உயர்ந்த போதகரின் வெள்ளை அங்கிக் கை அந்தக் கண்ணுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில், படத்துக்கு வெளியே, ஆனால் அதன் பார்வைக்கு உள்ளே இருந்தது. வெளுத்த துணி, மிக அருகில். ஒளி அதன்மேல் பட்டு அள்ளிக்கொண்டு திரும்பியது. கண் திருப்தியடைந்தது, விளக்கு அணைந்தது. அதற்கு அப்பால் நாலு மீட்டர் தள்ளி, கறுத்த முகமும் பழுப்பேறிய சட்டையுமாய் நின்ற மனிதருக்கு ஒன்றும் போய்ச்சேரவில்லை.

இதைச் சோதிப்பது எளிது. வெள்ளை அங்கியை ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டி கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தோம். குளிர்காலத்தில் நான் போடும் கறுப்புக் கோட்டை இன்னொரு நாற்காலியில் மாட்டி 4 மீட்டருக்கு அப்பால் வைத்தோம். ஆட்டோ நிலையில் எடுத்தால் கோட்டு இருட்டில் கிடந்தது. அங்கியை அகற்றிவிட்டு அதே இடத்திலிருந்து எடுத்தால் கோட்டின் பொத்தான்கள்கூடத் தெரிந்தன. காதையும் பயன்படுத்தச் சொன்னேன். ஃபிளாஷ் எரிந்தபின் மின்தேக்கி மறுபடி நிரம்பும்போது மெல்லிய கீச்சொலி எழும். முழுவதும் செலவழிந்திருந்தால் அந்த ஒலி நீண்டு கேட்கும். சற்றே செலவழித்திருந்தால், இத்தகைய கருவி மிச்சத்தைச் சேமித்துக்கொள்வதால், ஒலி எழுந்த வேகத்திலேயே நின்றுவிடும். எரியவே இல்லையென்றால் மௌனம். மௌனம் இணைப்பின் குறை. சுருங்கிய ஒலி கண்ணின் குறை. வெளியே இரண்டும் ஒரே இருட்டுப் படமாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பார்த்தபோதுதான் தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஃபிளாஷின் முதுகில் சிறிய பச்சை விளக்கு ஒன்று இருக்கிறது. கண் தனக்குப் போதுமான ஒளியைப் பெற்றிருந்தால் படமெடுத்தவுடன் அது ஒரு கணம் எரியும். காரியம் நன்றாய் முடிந்தது என்று எடுக்கிறவருக்குச் சொல்லும் அடையாளம் அது. வெள்ளை அங்கியை வைத்து எடுத்த ஒவ்வொரு இருட்டுப் படத்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. "அன்னைக்கும் எரிஞ்சுது ஐயா. பார்த்தேன். அதனாலதான் தைரியமா இருந்தேன்" என்றார்.

பிரியமானவர்களே, இப்பொழுது நடபடிகளுக்கு வாருங்கள்.

நான்காம் அதிகாரத்தின் முடிவில் எருசலேம் சபையைப் பற்றிய சாட்சி எவ்வளவு அழகாக இருக்கிறது. நிலமும் வீடும் உடையவர்கள் விற்றுக் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைக்கிறார்கள். அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. வறுமையில் வாடுகிறவர் அந்தச் சபையில் எவரும் இல்லை என்று லூக்கா எழுதுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. அடுத்த அதிகாரத்துக்குப் பிறகு ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஒரு முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படாமல் போகிறார்கள். ஒரே சபை, ஒரே பந்தி, ஒரே பரிசுத்த ஆவியானவர். அப்பம் இல்லாமல் போகவில்லை. ஊழியம் நின்றுபோகவில்லை. அது தினந்தோறும் நடக்கிற விசாரணை என்றே வசனம் சொல்கிறது. விளக்கு தினந்தோறும் எரிந்திருக்கிறது. அருகில் இருந்தவர்கள், மொழி தெரிந்தவர்கள், முகம் பழகினவர்கள் போதுமான அளவு பெற்றார்கள். அந்தப் போதும் என்கிற செய்தி அப்போஸ்தலருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்பால் நின்ற விதவைகளின் பாத்திரம் காலியாயிருந்தது.

அந்த முறுமுறுப்பை அப்போஸ்தலர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டியலைக் காட்டி வாதாடவில்லை. விதவைகளின் விசுவாசம் குறைவு என்று சொல்லவில்லை. வேறு சபைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. நம் காலத்தில் இது எளிதாகச் சொல்லப்படுகிறது என்பதால் குறிப்பிடுகிறேன். சபையாரெல்லாரையும் கூட்டி, ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியாகச் சொல்லப்பட்டவர் யூதராகப் பிறந்தவரும் அல்லர். அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். எந்தப் பக்கத்தில் இருட்டு இருந்ததோ அந்தப் பக்கத்தவரின் கையிலேயே பந்தி விசாரணை ஒப்படைக்கப்பட்டது. எங்கள் தொழிலின் மொழியில் சொன்னால், கண்ணை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, யாருக்கு ஒளி வேண்டுமோ அவருக்கு எதிரே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஏழாம் வசனத்தில் தேவவசனம் விருத்தியடைந்ததையும், ஆசாரியர்களில் பலர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்ததையும் லூக்கா இதற்கு அடுத்தாற்போல் எழுதியிருப்பது தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னால் இருக்கிறவர்களைப் பற்றி லூக்கா வேறோர் இடத்திலும் நுட்பமாக எழுதுகிறார். எரிகோவின் வழியருகே குருடன் ஒருவன் தாவீதின் குமாரனை நோக்கிக் கூப்பிடுகிறான். அவனை அதட்டினவர்கள் யார்? பகைவரல்லர், பரிசேயருமல்லர். ஆண்டவருக்கு முன்னே நடந்து சென்றவர்கள். பதினெட்டாம் அதிகாரத்தில் அவர் அதைத் தெளிவாகவே குறிப்பிடுகிறார். அவர்களுக்கு வெளிச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. பயணம் நன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே கூக்குரல் இடைஞ்சலாகப் பட்டது. ஆண்டவர் நின்றார். அவனைத் தம்மிடத்தில் கொண்டுவரச் சொன்னார். அதட்டினவர்களே போய் அழைத்துவந்தார்களோ என்னவோ.

புகைப்படக் கலைக்குள் இந்த ஒளி வந்த வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த பொடியைக் கொளுத்திக் கணநேர வெளிச்சம் உண்டாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. அச்செய்தியை நியூயார்க்கில் காலை உணவின்போது செய்தித்தாளில் படித்தவர் ஜேக்கப் ரீஸ் என்ற நிருபர். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர். அந்நகரத்தின் ஏழைகள் அடைந்துகிடந்த இருட்டறைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். எவ்வளவு எழுதியும் நகரத்தார் அசையவில்லை. அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு இரவில் அந்த அறைகளுக்குள் போனார். பொடி வெடித்து ஓரிரு முறை வீட்டுக்குள் தீப்பற்றியதையும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் படங்களைக்கொண்டு 1890இல் அவர் வெளியிட்ட நூல் நகரத்தின் மனச்சாட்சியை உலுக்கியது. சீமான்களின் மாளிகைகளில் ஏற்கெனவே வாயுவிளக்குகள் இருந்தன. அந்த ஒளி இருட்டான இடத்தைத் தேடிப்போனது.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். இல்லையேல் பழக்கவழக்கமான பக்தியை நான் இழிவுபடுத்துவதாக எண்ணிவிடுவீர்கள். ஆட்டோ நிலை தீமையானதல்ல. அதிகாலையில் எழுந்தவுடன் கைகள் தாமாகவே வேதத்தைத் திறக்கிறதும், ஆலயமணி கேட்டவுடன் கால்கள் தாமாகவே புறப்படுகிறதும் தேவகிருபையினால் நமக்குள் உண்டான நல்ல பழக்கங்கள். பழக்கம் என்றாலே வெறும் சடங்கு என்று பிரசங்கிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் நம்மைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் அந்தப் பழக்கமே. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டது பழக்கம்தான். சிங்கக்கெபியின் ஆணை பிறந்த நாளிலும் அது அவனைக் கைவிடவில்லை. நான் கேட்பது வேறு. அந்தப் பழக்கத்தின் கண் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது?

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள். ஒன்று கலகலப்பாகப் பேசும், வேதவசனம் கேட்டால் உடனே ஒப்புவிக்கும், பரிசும் வாங்கிவரும். நீங்கள் கொடுக்கும் அன்பு அதனிடத்தில் பட்டுப் பளிச்சென்று திரும்பிவருகிறது. உங்கள் உள்ளம் நிறைகிறது. பிள்ளைகளை நன்றாக வளர்க்கிறோம் என்ற பச்சை விளக்கு எரிகிறது. மற்றொன்று பேசாது. பட்ட ஒளியைத் திருப்பித் தராமல் உள்வாங்கிக்கொள்ளும் சுபாவம். அதற்குப் பெற்றோர் கொடுத்தது எவ்வளவு, அது பெற்றது எவ்வளவு என்பதை அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டால் அல்லாமல் தெரியாது. வயதான மாமியாருக்கும், ஒரே வீட்டில் வாழ்ந்தும் குரல் எழுப்பாத மருமகளுக்கும் இது பொருந்தும். நன்றி சொல்லத் தெரிந்தவர்களுக்கு மேலும் மேலும் செய்துகொண்டிருக்கிறோம்.

சபைக்கும் இப்படியே. அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். உடனே பத்துப்பேர் கைகூப்பும் படம் அனுப்புகிறார்கள். போய்ச்சேர்ந்துவிட்டது என்று அறிகிறோம். போன் இல்லாத வீடுகள் எத்தனை? ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் படுக்கையிலிருப்பவர்களுக்குத் திருவிருந்து தவறாமல் கொண்டுபோகப்படுகிறது. கால்வாய்க்கு அப்பால்? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகும்போது கைதட்டுகிறோம். அந்தக் காயைத் தலையில் சுமந்து கொண்டுவந்து படைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டு எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறோமா? விடுமுறை வேதாகமப் பள்ளியை ஆலய வளாகத்தில் நடத்துகிறோம். பெருஞ்சாலையைக் கடந்து தனியே வர முடியாத சிறுபிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற பெரியவரிடம் இவற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் குறைசொல்லவில்லை. "நம்ம பக்கம் கொஞ்சம் தூரம்ல, ஐயா" என்றார். பத்தொன்பது நிமிட நடை. அவருடைய கால்களால் நாற்பது நிமிடம்.

தம்பியோடு அன்றிரவு இன்னொரு காரியத்தையும் செய்து பார்த்தோம். ஃபிளாஷை மேனுவல் நிலைக்கு மாற்றினோம். இந்நிலையில் கண் மூடப்பட்டுவிடும். யார் என்ன ஒளியைத் திருப்பித் தந்தாலும் கருவி தன் முழு அளவையும் கொடுத்துத் தீர்க்கும். எடுக்கிறவர்தாம் தொலைவை அறிந்து கணக்கிடவேண்டும். அந்தக் கருவியின் வழிகாட்டி எண் ஐஎஸ்ஓ 100இல் 32. ஆள் 4 மீட்டரில் இருக்கிறார். 32ஐ 4ஆல் வகுத்தால் 8. அப்பர்ச்சர் எஃப் 8. அவ்வளவுதான். ஆனால் தொலைவு இரட்டித்தால் ஒளி பாதியாவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. 8 மீட்டர் அப்பால் நிற்கிறவருக்கு அதே வெளிச்சம் வேண்டுமானால் நான்கு மடங்கு கொடுக்கவேண்டும். வெள்ளை அங்கியைப் பழைய இடத்திலேயே வைத்து எடுத்தோம். அங்கி வெளுத்துக் கரைந்துபோய் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிழம்பாகத் தெரிந்தது. கறுப்புக் கோட்டு மடிப்பு மடிப்பாகத் தெளிந்து நின்றது. "அங்கி வீணாப்போச்சே ஐயா" என்று தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபின்தான் நான் மேசைமேலிருந்த பையை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தொலைவிலிருக்கிறவர்களுக்குச் சமமாகக் கொடுத்தால் போதாது, மடங்காகக் கொடுக்கவேண்டும் என்பது ஒளியின் விதி. ஏழுபேரையும் ஒரே பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டது நியாயமா என்று எருசலேமில் எவரேனும் கேட்டிருந்தால், இந்தக் கணக்கைத்தான் அவர்களுக்குக் காட்டவேண்டியிருந்திருக்கும். நமது குருசேகர மூப்பர்களோடு கடந்த வாரம் இதைக் கலந்து பேசினேன். ஒருவர் செலவைப் பற்றிக் கேட்டார், நியாயமான கேள்வி. மற்றொருவர், அந்தப் பக்கத்துக்கு வண்டி போகாதே என்றார். அதுவும் உண்மை. இறுதியில், கால்வாய்க்கு அப்பாலுள்ளவர்களே தங்களுக்குள்ளிருந்து மூன்றுபேரைத் தெரிந்தெடுத்து, வீட்டுச் சந்திப்புப் பட்டியலை அவர்களே எழுதித் தருவது என்று ஒருமனப்பட்டோம். அந்தப் பட்டியல் என் கைக்கு வந்திருக்கிறது. 14 வீடுகள். அவற்றில் ஐந்து வீடுகளின் பெயர் நம் சபைப் பதிவேட்டில் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை முதல் வீட்டு ஜெபம் அந்தப் பெரியவரின் வீட்டில் நடைபெறும். பட்டியலில் கடைக்கோடியிலுள்ள வீடு அது; அங்கிருந்து தொடங்கி ஆலயத்தை நோக்கி வருகிறோம். தம்பி கேமராவோடு வருகிறார். பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து, அருகில் வெளுத்த துணி எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சட்டம் போட்டுத் தரும் செலவைப் பெண்கள் ஐக்கியத்தார் ஏற்றுக்கொண்டார்கள். உடன்வர விரும்புகிறவர்கள் ஐந்தரை மணிக்கு ஆலய வாசலில் கூடுங்கள். கால்வாய்ப் பாலத்துக்கு அப்பால் தெருவிளக்கு கிடையாது. திரும்பிவர எட்டு மணியாகும். ஆளுக்கொரு டார்ச் கொண்டுவாருங்கள்.